நுளம்பு

ஜக்கில் ஏற்றிய அன்று
அடியிலிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டியது.
ஜப்பானில் யாரோ பனிக்குள் ஓட்டிய எம்.ஆர்.டூ,
மிச்சத்தை உப்புவெளிக் காற்று தின்றிருந்தது.
கீழே படுத்தபடி நஸ்மீர் சொன்னான்:
"அக்கா, இது காரில்லை. கருவாடு."

ஜெனிஸ்டன் சிரிக்கவில்லை.
கட்டாரில் நாலு வருசம்
மொட்டைமாடி மொட்டைமாடியாய் ஏறி
ஏ.சி. கழுவின காசு அது.
காணி வாங்கப்போவதாகத்தான்
வீட்டில் சொல்லி வைத்திருந்தானாம்.

இரண்டே இரண்டு சீற்.
எஞ்சின் முதுகுக்குப் பின்னால்.
பற்றரி முன்னுக்கு, மூக்குக்குள்.
அதனால் என் வயர் முழு உடம்பையும் கடக்கவேண்டும்,
கதவுப் படியின் கீழ், கார்ப்பட்டின் கீழ்,
விரல் மொத்தச் சிவப்பு வயர்
ஓரிடத்திலும் நஸ்மீரின் சூட்டைத் தொடாமல்.

நஸ்மீரின் சூடு:
டர்போவின் வாயிலிருந்து மூன்று அங்குலக் குழாய்,
நடுவில் எதுவும் இல்லை,
வளைவுகூட ஒன்றே ஒன்று.
"மூச்சை அடைச்சு வச்சா எப்படி ஓடும்?"
நாலு நட்டில் மூன்று கழன்றது.
நாலாவது முறிந்தது.
அதற்கு ஒரு முழுப் பின்னேரம்,
அரைப் போத்தல் டீசல்,
கிண்ணியாவில் மட்டும் புழங்கும் சில சொற்கள்.

மூன்றாம் இரவு அம்ப் எரிந்தது, நீலமாக.
பாட்டு வந்தது.
பாட்டுக்குள் ஒரு நுளம்பும் வந்தது.
அக்சிலேற்றரை மிதித்தால்
அதுவும் எழும்பிக் காதுக்குள் போனது,
விட்டால் இறங்கி எங்கோ உட்கார்ந்தது.

சிக்னல் வயரை இடப்பக்கம் மாற்றினேன். நுளம்பு.
பியூஸ், நுளம்பு.
இரவல் செட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்,
அதிலும் அதே நுளம்பு.
சீற்றுக்குக் கீழே தலைகீழாகக் கிடந்து
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி பார்க்கிறேன்:
ஏர்த் வயரை நான் முறுக்கியது
பெயின்ற்றின் மேல்.
இரும்பில் இல்லை.
பதினெட்டு வருசத் தொழில்.
ஒருவருக்கும் சொல்லாமல்
சான்ட் பேப்பரால் சுரண்டினேன்,
வெள்ளையாய் ஒரு சதக்குற்றியளவு உலோகம் தெரியும்வரை.

பிறகுதான் ஓடிப் பார்த்தோம்.
மடியில் மல்ரிமீற்றருடன் நான்,
ஸ்டியரிங்கைத் தடவித் தடவி அவன்.
உள்துறைமுக வீதி காலியாக இருந்தது.
டர்போ விழித்ததும்
என் முதுகு சீற்றுக்குள் போனது உண்மை.
பாட்டு ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதும் உண்மை.
மூன்று நாள் வேலையை
நஸ்மீரின் குழாய் ஒரே வாயில் விழுங்கிற்று.

பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால்
மான்கள் பப்பாசித் தோல் தின்றுகொண்டிருந்தன.
அவன் காலை எடுத்தான்.
எரியாத பெற்றோல் குழாய்க்குள் பற்றி

இரண்டு தரம்.

மான்கள் காதை மட்டும் திருப்பின.
கொத்துக் கடையில் தகட்டுச் சத்தம் நின்றது.
கொத்துப் போட்டவரைக் காணவில்லை.

முதலில் இரண்டு தகடுகள் எழும்பின,
பிடித்த கைகள்,
பிறகு தொப்பி,
கடைசியாகத்தான் முகம்.
மேசைக்குக் கீழிருந்து இன்னும் இரண்டு பேர்,
ஒருவர் சாரத்தைத் தட்டிக்கொண்டு.
பக்கத்து மேசைப் பொடியன்கள்
என்ன நடந்ததென்று தெரியாமல்
போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

கொத்துக்காரர் காரைச் சுற்றி வந்தார்.
"எவ்வளவு முடிஞ்சது தம்பி?"
ஜெனிஸ்டன் பாதிக்கும் குறைவாய்ச் சொன்னான்.
"நல்ல சாமான்," என்றார்.
எங்களுக்கு இரண்டு முட்டைக் கொத்துப் போட்டார்.
அந்தத் தாளம் ஓரிடத்தில் தடக்கியது.
நாங்கள் இருவரும் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த நாள் காலை
பழைய சைலன்சரைத் தானே தோளில் சுமந்து வந்தான்.
"பொலிஸ் பிடிப்பான்" என்றான்,
ஒருவரும் கேட்காமலே.
நஸ்மீர் குழாயை வெட்டினான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.
அன்று பின்னேரம் முதல்முறையாக
நான் கட்டிய ஸ்பீக்கரில்
தபேலா விரல் விரலாகக் கேட்டது.

ஏழாயிரத்து ஐந்நூறு இன்னும் பாக்கி.
இரவில் ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில்
கியர் மாறும்போது எனக்குத் தெரியும்.
கடன்காரன் போகிறான் என்று
வலையை மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் படுக்கிறேன்.
உள்ளே ஒன்று பாடுகிறது.